தூக்கம் எங்கள் டிபார்ட்மெண்ட் இல்லையாம்!

ரொம்ப நாளாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்த கோபம். இன்றைக்குக் கொட்டிவிடப் போகிறேன். மருத்துவப் பதிவு என்று பயந்து ஓடாதீர்கள். வெளியூரில் அம்மாவையோ அத்தையையோ கூட வைத்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் ஒரு நாள் இது உபயோகப்படலாம். (உபயோகப்படாமலே போகட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன்.)

புதிதாக வருபவர்களுக்கு: நான் மயக்க மருந்து டாக்டர். ஊர் பாளையங்கோட்டை, பிழைப்பு புனே, வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. நாலைந்து ஆஸ்பத்திரிகளுக்கு ஓடி ஓடி மயக்கம் கொடுக்கிறவள். போன மாசம் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பேச்சுவாக்கில் கேட்டேன்: "மார்பக ஆபரேஷன் ஆன பேஷண்ட் அன்னிக்கு ராத்திரி தூங்கினாங்களான்னு நம்மில் யாராவது போய்க் கேட்டிருக்கோமா?" ஒரு சீனியர், நல்ல மனுஷர், கைராசிக்காரர், தட்டிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்: "தூக்கம் நம்ம டிபார்ட்மெண்ட் இல்லைம்மா. எழுப்பி விடறதோட நம்ம வேலை முடிஞ்சது." எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

அந்த ஒரு வருஷத்துக்கு நடுவில்தான் அத்தைக்கு ஆபரேஷன் ஆனது.

அப்பாவின் கூடப் பிறந்த அத்தை. வயது 63. பேரனைப் பார்த்துக்கொள்ள அத்தான் வீட்டுக்கு புனே வந்து மூன்று வருஷம். மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டியே பேரம் பேசி ஜெயித்துவிட்டு வருகிற ரகம். இடது மார்பில் கட்டி, சோதனையில் கேன்சர், மார்பகத்தையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும் என்றார்கள். நான் வேலை பார்க்காத ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், குறைகள் எல்லா இடத்திலும் இதேதான். சொந்தக்காரிக்கு நானே மயக்கம் கொடுப்பதில்லை என்பது என் வழக்கம். வேறொருவர் கொடுத்தார். நான் அட்டெண்டராக, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரெக்சின் பெஞ்சில்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வார்டில் ராத்திரி முழுக்க நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. எங்கள் வேலை அப்படி. ஆபரேஷன் முடிந்து ஆள் கண் திறந்து, பெயர் சொல்லி, மூச்சு நன்றாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கிளப்பிவிடுவோம். ராத்திரி என்ன நடக்கிறது என்பது அடுத்த நாள் சார்ட்டில் இருக்கும் இரண்டு வரிதான்.

ராத்திரி பதினொன்றரைக்கு நர்ஸ் வந்தது. சின்னப் பொண்ணு. "ஆஜி, துக்தய் கா?" என்று கேட்டது. மராத்தியில் "வலிக்கிறதா?" என்று அர்த்தம். அத்தை காதில் அது "தூக்கமா?" என்று விழுந்திருக்கிறது. இல்லை என்று தலையை ஆட்டினாள். அந்தப் பொண்ணு திருப்தியாக வலி பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டது. நான் அரைத்தூக்கத்தில் இருந்தேன், உறைக்கவில்லை. மூன்று மணிக்கு பி.பி. பார்க்க வந்து லைட்டைப் போட்டபோதும் அதே கேள்வி, அதே தலையாட்டல், அதே பூஜ்யம். நடுவில் டிராமடால் டிரிப்பால் இரண்டு தரம் வாந்தி. வாந்தி எடுக்கும்போது தையல் இழுத்த வலியில் என் கையை அவள் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

விடியற்காலை ஐந்து மணிக்குச் சொன்னாள்: "ராப்பூரா முழிச்சிட்டுத்தாம்ட்டி கெடந்தேன். அக்குளுக்குள்ள யாரோ கத்தியப் போட்டுத் திருகுத மாதிரி இருக்கு. அந்தப் புள்ள ரெண்டு வாட்டி வந்து தூக்கமா தூக்கமான்னு கேட்டுச்சி. இல்லம்மான்னேன். ஒண்ணும் தராமப் போயிட்டு."

சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். வலி பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். இது மாதிரி சார்ட்டைப் பார்த்துத்தானே இத்தனை வருஷமும் 'நம்ம கேஸ் எல்லாம் நல்லா இருக்கு' என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்?

இதில் பாஷைப் பிரச்சினை பாதிதான். மீதிப் பாதி எங்கள் மேஜையில் இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பேச வேண்டும்.

முதலில் ஒன்று. மயக்கம் தூக்கம் இல்லை. "ஒண்ணும் பயப்படாதீங்க, தூங்க வெச்சிடுவோம்" என்று நாங்கள் சொல்வது பச்சைப் பொய். ஆறுதலுக்குச் சொல்லும் பொய், அவ்வளவுதான். தூக்கத்தில் மூளை தானே ஓர் ஒழுங்கில் ஏறி இறங்கும். ஆழ்ந்த தூக்கம், பிறகு கண் அசைந்து கனவு வரும் தூக்கம், மறுபடி ஆழம் என்று ராத்திரிக்கு நாலைந்து சுற்று. மயக்கத்தில் அந்தச் சுற்று கிடையாது. மருந்து அமுக்கி வைத்திருக்கிறது, எடுத்தால் விழிக்கிறீர்கள். பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கு மூளை அலைகளைப் பதிவு பண்ணிப் பார்த்த ஆய்வுகள் 1980, 90-களிலேயே வந்துவிட்டன. ஆபரேஷன் ஆன அன்றும் மறுநாளும் கனவுத் தூக்கம் ஏறக்குறைய காணாமல் போகிறது, ஆழ்ந்த தூக்கமும் குறைகிறது. அதற்குப் பிறகு கனவுத் தூக்கம் கடனை வட்டியோடு வசூல் பண்ணுகிற மாதிரி திரும்பி வருகிறது. மூன்றாம் நாள், நாலாம் நாள் கெட்ட கெட்ட கனவு வந்து அலறி எழுகிறார்களே, "பயந்துட்டா, மந்திரிக்கணும்" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதில் பாதி இதுதான். வயிற்று ஆபரேஷன் அளவுக்கு மார்பக ஆபரேஷனில் இது மோசம் இல்லை. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

தூக்கத்தைக் கெடுப்பது எது? வெட்டிய காயம் ஒன்று. கவலை ஒன்று. வார்டு லைட்டும் அடுத்த கட்டில்காரர் செல்போனும் ஒன்று. இதெல்லாம் சரி. ஆனால் நாங்கள் ஏற்றும் மருந்தும் ஒன்று. மார்ஃபின், பெதடின் வகையறா வலியைக் குறைக்கும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்தையும் கனவுத் தூக்கத்தையும் சேர்த்து அமுக்கும். கண் மூடிக் கிடப்பார்கள். வீட்டு ஆட்கள் "நல்லாத் தூங்கறாங்க" என்று போன் பண்ணுவார்கள். தூக்கம் இல்லை அது. பெண்டாஸோசினும் ப்ரோமெதஸினும் சேர்த்து ஒரு ஊசி நம் நாட்டில் காலங்காலமாக ஓடுகிறது. 'தூக்க ஊசி' என்றே அதற்குப் பெயர். சிலருக்கு அதில் பேயும் பிசாசும் தெரியும். ஆல்ப்ரஸோலம் மாதிரி மாத்திரைகள் சீக்கிரம் கண்ணைச் சொருக வைக்கும், ஆழத்தைத் திருடிவிடும். வாந்தி வராமல் இருக்க நாங்கள் போடும் டெக்ஸாமெதசோன் நல்ல மருந்துதான், நானும் போடுகிறேன். ஆனால் ஸ்டீராய்டு, சிலரை ராத்திரி கொட்டக் கொட்ட முழிக்க வைக்கும். இதையெல்லாம் படித்துப் பாஸ் பண்ணித்தான் வந்திருக்கிறோம். தெரியாது என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை.

தூங்காதவர்களுக்கு வலி இன்னும் அதிகமாகத் தெரியும் என்பதும் தெரிந்த விஷயம். வலியால் தூக்கம் போகிறது, தூக்கம் போனதால் வலி ஏறுகிறது, வலி ஏறியதால் இன்னொரு ஊசி, அந்த ஊசியால் மறுபடி தூக்கம் போகிறது. செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சுற்றை அறுக்க ஒரு வழி இருக்கிறது. புதுசும் இல்லை, விலை உயர்ந்ததும் இல்லை. நரம்பை மரக்க வைக்கும் ஊசி. நாங்கள் 'பிளாக்' என்போம். பல் பிடுங்கும்போது டாக்டர் ஈறில் போடுகிற அதே சங்கதிதான். முதுகெலும்புக்குப் பக்கத்தில், நரம்பு வெளியே வரும் இடத்தில் போடும் முறை 1905-இலேயே வந்துவிட்டது. சரியாகப் போட்டால் அருமை. நுரையீரலைக் குத்திவிடும் ஆபத்து சிறிதாக ஒன்று உண்டு என்பதால் பலர் கை நடுங்கும். 2011-இல் ரஃபேல் பிளாங்கோ என்கிற டாக்டர் இன்னொரு எளிய வழியைக் காட்டினார். நெஞ்சுத் தசை இரண்டு அடுக்கு. அந்த இரண்டுக்கும் நடுவில், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, மரக்கும் மருந்தை விட வேண்டும். அடுத்த வருஷமே அக்குளுக்கும் சேர்த்து மரக்கும்படி, இன்னும் கீழே ஒரு அடுக்கில் இரண்டாவது ஊசி என்று விரிவாக்கினார். 2016-இல் முதுகுத் தசைக்கு அடியில் போடும் இன்னொரு முறை வந்தது. எதைப் போட்டாலும் சரி, பொது மயக்கத்தோடு சேர்த்துப் போட்டால் அன்றைக்கு மார்ஃபின் வகை மருந்தின் தேவை குறைகிறது, வலி குறைகிறது. முதுகெலும்புப் பக்கம் போடும் பிளாக்கில் வாந்தியும் குறைகிறது. வலியும் வாந்தியும் குறைந்தால் தூக்கத்தைப் பற்றித் தனியாக மந்திரம் ஓத வேண்டுமா?

அத்தைக்குப் போடவில்லை. மயக்கம் கொடுத்தவரை எனக்குத் தெரியும், போன் பண்ணிக் கேட்டேன். "மேலோட்டமான சர்ஜரிதானே, வயித்தைத் திறக்கலியே, எதுக்கு?" என்றார். மேலோட்டமாம். அக்குளைத் திறந்து நெறிக்கட்டியைச் சுரண்டி எடுப்பது மேலோட்டமாம். அவரைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. அதே வாரம் நான் கொடுத்த மூன்று மார்பக கேஸில் ஒன்றுக்குத்தான் பிளாக் போட்டிருந்தேன். மற்ற இரண்டு பேர் அன்று ராத்திரி எப்படிக் கிடந்தார்களோ, நான் கேட்கவில்லை.

ஏன் போடுவதில்லை? காரணம் கேட்டால் பெரிய பெரிய பதில் வரும். நிஜக் காரணம் சில்லறையானது. பிளாக்குக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் அதிகம் ஆகும். சர்ஜன் கையைக் கழுவிவிட்டு வந்து நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். எங்களுக்குக் கேஸுக்கு இவ்வளவு என்று பணம். ஊசி கூடினாலும் குறைந்தாலும் பல இடங்களில் அதே கவர்தான். அடுத்த ஆஸ்பத்திரியில் சிசேரியன் காத்திருக்கும். அப்புறம் அல்ட்ராசவுண்ட் மெஷின். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கக் கொண்டுவந்த 1994 சட்டத்தின் கீழ் மெஷினைப் பதிவு பண்ண வேண்டும். நல்ல சட்டம், அவசியமான சட்டம். ஆனால் நரம்பு பார்க்க மெஷின் வாங்கும் எங்களுக்கும் அதே பதிவு, அதே காகிதங்கள். ஸ்கூட்டரில் வைத்து இந்த நர்சிங் ஹோமிலிருந்து அந்த நர்சிங் ஹோமுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. சின்ன ஆஸ்பத்திரிக்காரர்கள் "எதுக்கு வம்பு" என்று வாங்குவதே இல்லை. பெண் குழந்தையைக் காப்பாற்றும் சட்டத்தைக் காரணம் காட்டி அறுபது வயதுப் பெண்ணுக்கு வலியைக் கொடுக்கிறோம். இதை எங்கே போய்ச் சொல்ல?

மெஷின் இல்லாவிட்டாலும் வழி உண்டு என்பதுதான் இன்னும் எரிச்சல். நெஞ்சைத் திறந்து வைத்திருக்கும்போது சர்ஜனே கண்ணால் பார்த்து அந்தத் தசை அடுக்குகளில் மருந்தை விடலாம். இரண்டு நிமிஷ வேலை. செய்கிறவர்கள் செய்கிறார்கள். சொன்னால் செய்வார்கள். நாங்கள்தான் சொல்வதில்லை.

நியாயமாக எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். பிளாக் போட்டால் கேன்சரே திரும்ப வராது என்று ஒரு நம்பிக்கை எங்கள் உலகத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் உலாவியது. எட்டு நாடுகளில் 2,100-க்கு மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் லான்செட்டில் வந்தது. ஒரு பக்கம் பிளாக்கோடு புரோப்போஃபால், இன்னொரு பக்கம் வாயு மயக்கத்தோடு மார்ஃபின் வகை. கேன்சர் திரும்பியது இரண்டு பக்கமும் பத்து சதவீதம்தான். ஆறு மாதம் கழித்து வலி இருந்ததும் இரண்டிலும் 52 சதவீதம். ஆகவே பிளாக் சஞ்சீவி மூலிகை என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். ஒரு ஊசியின் வேலை பத்து, பன்னிரண்டு மணி நேரம், சிலருக்குக் கொஞ்சம் கூட. ஆனால் அந்தச் சீனியர் மாதிரி ஆட்கள் இந்த ஆய்வைக் காட்டி "பார்த்தியா, ஒண்ணும் வித்தியாசம் இல்லை" என்று கையைக் கழுவும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் ஆறு மாசத்தைப் பற்றியா பேசுகிறேன்? இன்றைக்கு ராத்திரியைப் பற்றிப் பேசுகிறேன் ஐயா.

மயக்கத்துக்கு வாயுவா, நரம்பில் சொட்டுச் சொட்டாக புரோப்போஃபாலா என்றும் ஒரு சண்டை உண்டு. புரோப்போஃபாலில் வாந்தி குறைவு என்பது நிச்சயம். தூக்கமும் நன்றாக வருகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை. டெக்ஸ்மெடிடோமிடின் என்று ஒரு மருந்து, இயற்கைத் தூக்கத்துக்குக் கொஞ்சம் கிட்டே வருகிற மயக்கம் தரும், நாடித்துடிப்பையும் பி.பி.யையும் இறக்கிவிடும் என்பதால் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். முதலில் வலியை நரம்பிலேயே நிறுத்துங்கள். பிறகு பாரசிட்டமாலையும், சிறுநீரகமும் வயிறும் ஒத்துக்கொண்டால் வலி மாத்திரையையும், வலி கேட்டால் கொடு என்று எழுதாமல் மணிப்படி கொடு என்று எழுதுங்கள். ஏனென்றால் பிளாக் விட்டுப்போகும் நேரம் பெரும்பாலும் நடு ராத்திரிதான். இரண்டு மணிக்கு மரப்பு இறங்கி, வலி ஒரேயடியாக ஏறி, பேஷண்ட் எழுந்து உட்கார்ந்தால் அது பிளாக்கின் குற்றம் இல்லை, முன்கூட்டி மாத்திரை எழுதாத என் குற்றம்.

சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். 2022 கணக்கில் இந்தியாவில் மட்டும் ஒரே வருஷத்தில் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய். அதில் ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் என் அத்தை மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள்? எங்கள் தொழிலின் முதல் பேஷண்டே ஒரு மார்பகப் புற்றுநோய்க்காரிதான், தெரியுமா? ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஈதரைக் கண்டுகொள்வதற்கு நாற்பது வருஷம் முன்னால், 1804-இல், ஜப்பானில் ஹனோகா சேஷூ என்கிற வைத்தியர் ஊமத்தை சேர்த்த கஷாயத்தைக் கொடுத்து, அறுபது வயதுக் கிழவி ஒருத்தியின் மார்புக் கட்டியை எடுத்தார். பொது மயக்கத்தில் நடந்ததாகப் பதிவான முதல் ஆபரேஷன் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. அந்தக் கிழவி மறுநாள் ராத்திரி தூங்கினாளா என்று அன்றைக்கு எழுதி வைக்காததை மன்னிக்கலாம். இன்றைக்கும் எழுதவில்லை என்றால்?

எங்களை மட்டும் திட்டிவிட்டு உங்களை விட முடியாது. அத்தைக்கு என்ன வியாதி என்று அத்தையிடம் யாரும் சொல்லவில்லை. "கொழுப்புக் கட்டி" என்று அத்தான் சொல்லி வைத்திருந்தார். நானும் தலையாட்டினேன். கொழுப்புக் கட்டிக்கு மார்பையே எடுப்பார்களா என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டாம் நாள் ராத்திரி கேட்டாள்: "எனக்கு வந்தது அதுதானட்டி?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அந்த மூன்று நாளில் முதன்முறையாக இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினாள். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி தூங்காதவர்களுக்குப் பிறகு வலி அதிகம் என்று 2009-இல் ஒரு சிறு ஆய்வே வந்திருக்கிறது, அதுவும் மார்பக ஆபரேஷனுக்கு வந்தவர்களை வைத்துத்தான். நீங்கள் மறைத்து வைக்கும் ஒரு வார்த்தை எத்தனை ராத்திரியைத் தின்கிறது என்று யோசியுங்கள். அப்புறம், "டாக்டர், ஒரு தூக்க ஊசி போடுங்களேன், பாவம்" என்று நர்ஸைப் பிடித்து நச்சரிக்காதீர்கள். உங்கள் மனசு சமாதானத்துக்கு அவள் தூக்கத்தைப் பலி கொடுக்கிறீர்கள்.

கேட்க வேண்டியது வேறு ஆளை, வேறு நேரத்தில். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் ஐந்து நிமிஷம் வந்து பார்ப்பார். சர்ஜன் முகமாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், எங்கள் பெயரைக்கூட யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். "பிளாக் போடுவீங்களா? போடலைன்னா ஏன்? அது விட்டதும் ராத்திரிக்கு என்ன எழுதி வெச்சிருக்கீங்க? வாந்திக்கு என்ன?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், ஊசி போடும் இடத்தில் புண், மரக்கும் மருந்து அலர்ஜி என்று சில பேருக்கு வேண்டாம் என்போம். அது நியாயமான பதில். "தேவையில்லை, சின்ன சர்ஜரி" என்றால் அது பதில் இல்லை. எங்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நான் இப்போது மறுநாள் காலையில் போன் பண்ணுகிறேன். மார்பக கேஸ் எல்லோருக்கும். வலியை இரண்டாவதாகக் கேட்கிறேன், தூக்கத்தை முதலில். முதல் வாரமே ஒரு அம்மா, "யார் நீங்க, எந்த டாக்டர்?" என்று சந்தேகப்பட்டு மகனிடம் போனைக் கொடுத்துவிட்டார். :-) பிளாக் இப்போது எல்லோருக்கும் உண்டு, மெஷின் இல்லாத இடத்தில் சர்ஜனிடம் சொல்லி. கடிகாரம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அத்தை கீமோ எல்லாம் முடித்துவிட்டாள். முடி திரும்ப முளைக்கிறது. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் பர்ஸில் நான் தமிழில் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு இருக்கும். வலிக்கிறது என்றால் "துக்தய்". தூக்கம் வரவில்லை என்றால் "ஜோப் ஆலீ நாஹீ". டெல்லி, மும்பைப் பக்கம் இருப்பவர்கள் "தர்த் ஹை, நீந்த் நஹீ ஆயீ" என்று எழுதிக் கொடுங்கள். பெங்களூர்க்காரர்கள் "நோவு இதே, நித்தே பரலில்ல". ஹைதராபாத் என்றால் "நொப்பிகா உந்தி, நித்ர பட்டலேது". பெரிய எழுத்தாக எழுதுங்கள், ராத்திரியில் கண்ணாடி கைக்கு எட்டாது.